வீடு தேடி வந்த உண்ணி ஒழிப்புச் சேவையிடம் ரூ.7,500 இழந்தேன்

கடந்த வெள்ளிக்கிழமை காலை எங்கள் நாய் செம்பாவின் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியதைப் பார்த்த பிறகுதான் நான் எவ்வளவு தூரம் ஏமாந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். நாய் வளர்ப்பவர்கள் உண்ணி விஷயத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் முடிவில் விரிவாகச் சொல்கிறேன்.

செல்பேசிச் செயலியில் பதிவு செய்தால் வீட்டுக்கே வந்து நாயைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, காது துடைத்துத் தரும் சேவைகளில் ஒன்று அது. ஆறு மாத உண்ணி மற்றும் குடற்புழு ஒழிப்புத் திட்டம் என்று சொல்லி ரூ.7,500 முழுவதையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். இடையில் ஓர் உண்ணி தென்பட்டாலும் பணம் திரும்பக் கிடைக்கும் என்று அதில் எழுதியிருந்தது.

வந்த இளைஞர் சீருடையும் கையுறையுமாக, பார்ப்பதற்கே நம்பிக்கை தரும்படி இருந்தார். செம்பாவின் காது மடலைப் புரட்டி, கால்விரல் இடுக்கை விரித்து, ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல உப்பியிருந்த ஓர் உண்ணியைப் பிடுங்கி, "பாத்தீங்களா அக்கா, இது பொட்டை. ஒண்ணே ஆயிரக்கணக்குல முட்டை போடும்" என்று காட்டினார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அவ்வளவு தெரிந்தவர், பிடுங்கிய உண்ணிகளை அப்படியே திண்ணையில் சுண்டிவிட்டார் என்பது அப்போது என் கண்ணில் பட்டும் மனத்தில் படவில்லை. அம்மா அவருக்கு மோர் கலக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒட்டுத்தாள் எதுவும் இல்லாத வெள்ளைக் குப்பியிலிருந்து பிடரியில் சொட்டு மருந்து விட்டு, பத்து நிமிடம்கூட ஆகாத நிலையில் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டத் தொடங்கினார். "மருந்து கழுவிக்கொண்டு போய்விடாதா தம்பி?" என்று கேட்டேன். "இது உடனே உள்ள இறங்கிடும்கா, இம்போர்டட்" என்றார். சரியான கேள்வியைக் கேட்டுவிட்டு, அந்த ஒற்றைச் சொல்லில் வாயடைத்துப் போனேனே என்பதுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது. குடற்புழு மாத்திரைக்கும் அவர் நாயை எடை போடவில்லை. பார்த்த மாத்திரத்தில் 20 கிலோ என்றார். மருத்துவமனைத் தராசில் செம்பா 14 கிலோ.

ஒரு வாரத்தில் திண்ணைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை நகர்த்தியபோது, அதன் பின்னால் உண்ணிகள் சாரையாக மேலேறிக்கொண்டிருந்தன. அன்றே அழைத்தேன். முதலில் பேசியவர் புகாரைப் பதிந்துகொண்டு 48 மணி நேரம் கேட்டார். மூன்றாம் நாள் பேசியவரிடம் அப்படியொரு புகாரே இல்லை. அதற்கடுத்தவர், "தெருவுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க மேடம், அதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார். தெருவுக்கே போகாத நாய்க்கு எதற்காக ஐயா ரூ.7,500 உண்ணித் திட்டம்? குப்பியில் இருந்த மருந்தின் பெயரைக் கேட்டதற்கு நிறுவன ரகசியம் என்றார்கள். ரூ.7,500 ஐத் திருப்பிக் கேட்டதற்கு, அடுத்த குளியலுக்கு 20 சதவீதத் தள்ளுபடிச் சீட்டு அனுப்பினார்கள்.

மூன்றாம் வாரம் காய்ச்சல் வந்தது. சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு மூக்கில் ரத்தம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உண்ணி கடித்துப் பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சுமார் 2 லட்சமாவது இருக்க வேண்டும், அவை 31,000 ஆக இறங்கியிருந்தன. பிடரியில் விடும் மருந்து தோலின் எண்ணெய்ப் பசையில் கலந்து உடல் முழுவதும் பரவ வேண்டும் என்பதால், அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது என்று மருத்துவர் சொன்னபோது, எனக்குக் கேட்கத் தோன்றிய அதே கேள்வி திரும்பக் காதில் ஒலித்தது. அதிலும் அந்தக் குப்பியில் மருந்துதான் இருந்ததா, வெறும் எண்ணெயா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915 இல் புகார் பதிந்திருக்கிறேன். ரூ.7,500 வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

விரிவாகச் சொல்வதாகத் தொடங்கினேன். இப்போது அதற்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. மருந்தின் பெயர், காலாவதித் தேதி, எந்த எடை நாய்க்கு என்ற விவரம் அச்சிடப்படாத குப்பியை நாயின் பக்கமே விடாதீர்கள். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்து வேண்டாம், பூனையின் உயிரையே எடுத்துவிடும். உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள், தரையில் விடாதீர்கள். சுவர் விரிசலையும் படுக்கைத் துணியையும் கவனிக்காமல் நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. ஆறு மாதப் பணத்தை ஒரே தவணையில் கட்டாதீர்கள்.

செம்பாவுக்கு அந்தக் கிருமியைக் கொல்லும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள் கொடுக்க வேண்டும், இன்று ஐந்தாம் நாள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கிறாள், அதனால் அம்மா சோறு பிசைந்துகொண்டிருக்கிறார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே செல்பேசியில் ஒரு செய்தி வந்தது: "உங்கள் செல்லத்தின் இரண்டாம் மாத வருகை வரும் வியாழக்கிழமை உறுதி செய்யப்பட்டுள்ளது."