நிறுத்தி வச்ச இவி கார்ல சார்ஜ் எவ்ளோ இறங்குது? தர்மபுரியில ரெண்டு வருஷத்துக்கு மேல பார்த்தது

எங்க வீட்டு இவி கார்ல இருக்குறது எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரி. வேலைக்காக நான் வாரக்கணக்குல வெளியூர் போயிடுவேன், வண்டி போர்டிகோவுலயே நிக்கும். "ஓட்டாம வச்சா சார்ஜ் இறங்கிடுமாமே"ன்னு கேக்காத ஆளில்ல. இறங்கும்தான், ஆனா ஒழுங்கா லாக் பண்ணிட்டுப் போனா எனக்கு வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு பர்சன்ட்தான் குறையுது.

லித்தியம் செல் தானா இழக்குறது ரொம்பக் கம்மி, மிச்சமெல்லாம் வண்டி ஸ்லீப் மோடுக்குப் போகாததால போறது. சார்ஜ் எவ்ளோ இருக்குன்னு சும்மா சும்மா ஆப்பைத் திறந்தா பல வண்டிங்க ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு பதில் சொல்லும், டெஸ்லா மாதிரி வண்டியில நிறுத்தினப்புறமும் சுத்தி நடக்குறதைக் கண்காணிக்கிற சென்ட்ரி மோடு ஆன்ல இருந்தா கேமராவே நிறைய தின்னுடும்.

நீங்க பயப்பட வேண்டியது 12 வோல்ட் குட்டி பேட்டரிக்குத்தான்! டோர் லாக், கம்ப்யூட்டர், பெரிய பேட்டரியை இணைக்கிற கான்டாக்டர் எல்லாமே அதுலதான் ஓடுது, அது செத்தா பெரிய பேட்டரியில 70 பர்சன்ட் இருந்தாலும் வண்டி கிளம்பாது. அக்சஸரி கடையில டேஷ்கேம் மாட்டினவர் எப்பவும் கரண்ட் வர்ற லைன்ல கொடுத்துட்டார், ஊர்ல இருந்து வந்து ரிமோட்டை அமுக்குனா சத்தமே இல்ல. ரிமோட்டுக்குள்ள இருக்குற இரும்புச் சாவியில கதவைத் திறந்து, பானட்டைத் தூக்கி, பக்கத்து வீட்டண்ணன் கார்ல இருந்து ஜம்ப் கேபிள் போட்டதும் கான்டாக்டர் "டக்"னு ஒரு சத்தம், மீட்டர்ல சார்ஜ் அப்படியே இருக்கு. அப்புறம் அந்த ஒயரை சாவி போட்டா மட்டும் வர்ற லைனுக்கு மாத்தியாச்சு.

நம்மூரு ஏப்ரல், மே வெயில்ல 100 பர்சன்ட் ஏத்தி வாரக்கணக்குல விடாதீங்க ப்ளீஸ், சூடும் ஃபுல் சார்ஜும் சேர்ந்தா செல்லுக்கு சீக்கிரம் வயசாகும், அந்த இழப்பு திரும்ப வராது. நான் 50, 60ல விட்டுட்டுப் போவேன். எல்எஃப்பில வோல்டேஜ் ரொம்ப நேரம் ஒரே மட்டத்துல நிக்கிறதால பர்சன்ட் கணக்கு கொஞ்சம் தப்பும், திரும்பி வந்ததும் ஸ்லோ சார்ஜ்ல ஒரு தடவை ஃபுல் பண்ணா சரியாயிடும்.

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் ஸ்கூட்டர் வச்சிருக்கறவங்க இன்னும் கவனமா இருக்கணும், பேட்டரியே 3 கிலோவாட் ஹவர் அளவுதான், அதே குட்டிச் செலவு அங்க பெரிய பர்சன்டா தெரியும். 10 பர்சன்ட்ல நிறுத்திட்டு மட்டும் ஊருக்குக் கிளம்பிடாதீங்க.