எங்கள் நாய் செவலைக்கு எது சரி: வீணையா, யூடியூபா, வானொலியா, வெறும் ஃபேன் சத்தமா?

பங்குனியில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் காப்புக் கட்டியதும் ரேடியோ செட்டுக்காரர் வந்து குழாய்களைக் கட்டிவிடுவார். அதில் ஒன்று சரியாக எங்கள் மாடிப்படிக்கு நேரே வரும். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று குரல் கிளம்பினால் போதும், செவலை எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் ஒரு முழ இடத்தில் உடம்பைச் செருகிக்கொள்வாள். வால் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். வெயிலில் ஓடி வந்ததுபோல் இளைப்பாள், எச்சில் தரையில் சொட்டும். கண்ணோரத்தில் வெள்ளை தெரியும். பிடித்த ஈரல் துண்டை மூக்கருகே நீட்டினாலும் திரும்ப மாட்டாள்.

செவலை சிப்பிப்பாறைக் கலப்பு, ஐந்து வயது. காலை ஒன்பது மணிக்கு நாங்கள் எல்லோரும் வேலைக்குக் கிளம்பினால் மாலை வரை வீட்டில் தனியாகத்தான் இருப்பாள். "பாட்டைப் போட்டு விடுங்கக்கா, அடங்கிரும்" என்று சொல்லாத ஆள் இல்லை. எந்தப் பாட்டு என்று கேட்டால்தான் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எதிர்வீட்டு மதினி வீணை என்றார். தம்பி யூடியூபில் நாய்க்கென்றே இசை இருக்கிறது என்றான். அம்மா, "ரேடியோவைப் பாட விடு, அது பாட்டுக்குக் கிடக்கும்" என்றது. என் வீட்டுக்காரருக்கு ஃபேன் சத்தமே போதும். ஒவ்வொன்றையும் வாரக்கணக்கில் போட்டுப் பார்த்தேன். பழைய செல்போனை பீரோ மேல் சாத்திவைத்து, நாங்கள் கிளம்பிய பிறகு அவள் என்ன செய்கிறாள் என்று வீடியோவும் எடுத்தேன்.

முதலில் காதைப் பற்றிக் கொஞ்சம். மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். நாய்க்குச் சுமார் 45,000 வரை கேட்கும். பூனைக்கு 60,000-ஐயும் தாண்டும். தாழ்ந்த ஒலியில் மட்டும் நாம்தான் முன்னால். நமக்கு 20 வரை இறங்கிக் கேட்கிறது, நாய்க்கு 67 வாக்கிலேயே நின்றுவிடும். ஆனாலும் பெரிய பேஸ் பெட்டி வைத்தால் அந்த அதிர்வு தரை வழியே அதன் பாதத்துக்கு வந்து சேரும். சங்கப் பாடல்களில் அசுணம் என்று ஓர் உயிர் வருகிறது. யாழிசையில் மயங்கிக் கிட்டத்தில் வரும், பறையொலி கேட்டால் உயிரையே விட்டுவிடும் என்பார்கள். அப்படி ஒரு பிராணி இருந்ததோ இல்லையோ, பாடிய புலவர் ஏதோ ஓர் உயிர் சத்தத்துக்கு நடுங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும். கிரைண்டர் சந்தில் செவலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

மதினி சொன்ன வீணைக்கு ஆதரவாக நல்ல சான்றுகளே இருக்கின்றன. 2002-இல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் டெபோரா வெல்ஸ் குழுவினர் நாய்க் காப்பகம் ஒன்றில் வகைவகையாக ஒலிபரப்பிப் பார்த்தார்கள். மேற்கத்திய செவ்வியல் இசைக்கு நாய்கள் அமைதியாகப் படுத்தன. ஹெவி மெட்டலுக்குக் குரைப்பு கூடியது. பாப் பாட்டுக்கும் மனிதப் பேச்சுக்கும் பெரிதாக மாற்றமில்லை. 2012-இல் கொலராடோவில் 117 நாய்களை வைத்துப் பார்த்தபோதும் செவ்வியல் இசைக்குத் தூக்கம் கூடியது, ஹெவி மெட்டலுக்கு உடல் நடுக்கம் கூடியது.

அவர்கள் போட்டது பியானோவும் வயலினும். நம் வீணைக்கு என் வீட்டில் கண்டதைச் சொல்கிறேன். ஆலாபனை ஓடும்வரை செவலை நன்றாகப் படுத்திருந்தாள். கச்சேரிப் பதிவில் தனி ஆவர்த்தனம் வந்து மிருதங்கமும் கடமும் மாறிமாறிப் பேசத் தொடங்கியதும் தலை தூக்கிவிட்டது, காது விறைத்துவிட்டது. கடைசியில் ரசிகர்கள் கை தட்டிய இடத்தில் எழுந்து வாசலைப் பார்த்துக் குரைத்தாள். பிறகு பக்கவாத்தியம் இல்லாத வீணையும் புல்லாங்குழலும் மட்டும் தேடி எடுத்து வைத்தேன். தாலாட்டுக்கு நீலாம்பரி என்பார்களே, அதையும் போட்டேன், கல்யாணியையும் போட்டேன். செவலைக்கு இரண்டும் ஒன்றுதான். விளம்ப காலத்தில் மெதுவாக நகர்ந்தால் படுக்கிறாள், துரித காலத்துக்குப் போனால் தலை எழும்புகிறது. ராகம் நமக்கு, வேகம் அவளுக்கு.

யூடியூபில் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று "நாய் தூங்கும் இசை" கிடைக்கிறது. மெல்லிய பியானோவும் மழைச் சத்தமும் சுற்றிச்சுற்றி வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடியோவில் நான் பார்த்தது வேறு. அரைமணி நேரம் தூங்கிக்கொண்டிருந்தவள், இடையில் விளம்பரம் ஒன்று கத்தலாக வந்ததும் துள்ளி எழுந்தாள். பிறகு அன்று முழுக்கப் படுக்கவே இல்லை, ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். அடுத்த வாரம் விளம்பரம் இல்லாமல் பதிவிறக்கி வைத்துப் போட்டேன். முதல் நாள் பலன் இருந்தது, மூன்றாம் நாள் இல்லை.

இதற்கும் காரணம் உண்டு. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் ஸ்காட்லாந்து விலங்கு நலச் சங்கத்தோடு சேர்ந்து பார்த்தபோது, ஒரே செவ்வியல் இசையைத் திரும்பத் திரும்பப் போட்டால் இரண்டாம் நாளிலேயே பலன் மங்கத் தொடங்கியது. 2017-இல் ஐந்து வகை இசையை மாற்றி மாற்றிப் போட்டார்கள். சாஃப்ட் ராக்கும் ரெகேயும் ஓடியபோது நாய்களின் இதயத்துடிப்பில் தளர்வு அதிகம் தெரிந்தது. நாய்க்கும் சலிக்கும் என்பதுதான் இதில் நான் எடுத்துக்கொண்டது. வீணையா யூடியூபா என்று கேட்டால், நாளுக்கு ஒன்றாக மாற்றிப் போடும் பொறுமை இருந்தால் வீணை. எட்டு மணி நேரப் பதிவை ஓடவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போவதை நான் விட்டுவிட்டேன்.

அம்மா சொன்ன ரேடியோவை நான்தான் கடைசிவரை தள்ளிப்போட்டேன். பெல்ஃபாஸ்ட் ஆய்வில் பேச்சுக்குப் பலனில்லை என்று இருந்ததே என்று நினைத்தேன். ஆனால் 2016-இல் இங்கிலாந்தில் ஹார்ட்புரி கல்லூரியினர் 31 காப்பக நாய்களுக்குச் செவ்வியல் இசை, பாப், நாய்க்கென்றே செய்த இசை, ஒலிப்புத்தகம் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கூடுதலாக ஓய்ந்து படுத்தது ஒருவர் கதை வாசிக்கும் குரலுக்குத்தான். இரண்டு ஆய்வும் ஒன்றுக்கொன்று இடிக்கின்றன. என் வீட்டுக் கணக்கு அம்மா பக்கம் நிற்கிறது.

காலையில் எழுந்து காய் நறுக்கத் தொடங்கும்போதே மதுரை வானொலி 103.3-ஐ வைத்துவிடுவேன். சில நாள் கொடைக்கானல் பண்பலை 100.5. செய்தி, விவசாயப் பேச்சு, நேயர் கடிதம், நடுநடுவே பாட்டு. நாங்கள் கிளம்பிய பிறகு எடுத்த வீடியோவில் செவலை கொஞ்ச நேரம் கதவடியில் நிற்கிறாள். பிறகு என் பழைய செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுக்கிறாள். செய்தி வாசிப்பவர் குரல் மாறும்போது ஒரு காது மட்டும் அந்தப் பக்கம் திரும்புகிறது, தலை அசைவதில்லை. ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கும் இடைவெளியில் பெருமூச்சு விட்டு ஒருக்களித்துச் சாய்கிறாள். வீட்டில் ஆள் இருக்கும்போது எப்போதும் காதில் விழும் சத்தம் அது. அதனால்தான் அவளுக்கு ஒத்துப்போகிறது என்று நினைக்கிறேன்.

இதிலும் முதலில் ஒரு தப்புச் செய்தேன். கிளம்பும்போது மட்டும் ரேடியோவைத் திருகிவிட்டுப் போனேன். நான்கே நாளில் அந்த 'டிக்' சத்தம் கேட்டதும் அவள் மூச்சிரைக்கத் தொடங்கிவிட்டாள். பாட்டு வந்தால் அக்கா போய்விடுவாள் என்று புரிந்துகொண்டாள். வீணையைக் கிளம்பும்போது மட்டும் போட்டாலும் இதே கதைதான். விடியற்காலையிலிருந்தே ஓடட்டும், சாயங்காலம் நாம் திரும்பி வந்த பிறகும் ஓடட்டும். சத்தம் எவ்வளவு என்றால், அதன் பக்கத்தில் நின்று குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும். பேட்டரியில் ஓடும் ரேடியோவாக இருந்தால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளிலும் நிற்காது. வைஃபையை நம்பியிருக்கும் யூடியூப் அன்றைக்கு ஒன்பது மணிக்கே வாயடைத்துவிடும்.

சாதாரண நாளுக்கு ஃபேன் சத்தம் மேலுமில்லை, கீழுமில்லை. ஆனால் வேட்டு நாளில் வேறு எதுவும் அதற்குப் பக்கத்தில் வர முடியாது. ஏர்கூலர் இன்னும் நல்லது. ஒரே சீராக விடாமல் வரும் இரைச்சல், நான்கு தெரு தள்ளி வெடிப்பதைக் கரைத்துவிடுகிறது. பாட்டில் இடைவெளி உண்டு, அந்த இடைவெளியில் வெடிச்சத்தம் உள்ளே வரும். வாசலிலேயே வெடிக்கும் அணுகுண்டை மட்டும் எதனாலும் மறைக்க முடியாது. அதை அமுக்குகிறேன் என்று பாட்டின் சத்தத்தைக் கூட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். பயந்த நாய்க்கு ஒரு சத்தத்தோடு இன்னொரு சத்தமும் சேர்ந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் தீபாவளி அன்று வெடிக்க 2018 முதல் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் அந்த நேரத்தோடு நின்ற வருஷம் எனக்கு நினைவில் இல்லை. அதனால் நான் ஐந்து மணிக்கே செவலையைக் காலாற நடத்திக் கூட்டிவந்து, சோறு போட்டு, உள் அறை ஜன்னலைச் சாத்தி, கூலரையும் ரேடியோவையும் சேர்த்து ஓடவிடுகிறேன். பயம் வந்த பிறகு எந்த இசையும் ஏறாது, முந்திக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று மாதம் முன்பே வெடிச்சத்தப் பதிவை முணுமுணுப்பு அளவில் வைத்து, கூடவே ஈரல் கொடுத்து, நாள்பட மெல்ல மெல்லக் கூட்டிப் பழக்குவது நல்ல வழி. பயந்து உடம்பைக் காயப்படுத்திக்கொள்ளும் நாய் என்றால் பாட்டை நம்பி உட்கார வேண்டாம், முன்கூட்டியே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். அன்றைக்குக் கொடுக்க மருந்து இருக்கிறது.

பூனைக்கு இந்தக் கணக்கு எதுவும் ஒத்துவராது. எங்கள் மீனுவுக்கு வீணையும் ஒன்றுதான், ரேடியோவும் ஒன்றுதான். வேண்டாம் என்றால் பரணில் ஏறிவிடும். 2015-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 47 பூனைகளுக்கு, பூனை பால் குடிக்கும் தாளத்திலும் குறுகுறுக்கும் வேகத்திலும் அமைத்த இசையைப் போட்டார்கள். மனித இசையைக் கண்டுகொள்ளாத பூனைகள் இதற்கு ஒலிபெருக்கியின் பக்கம் வந்து உரசின. 2020-இல் லூசியானாவில் மருத்துவமனைக்கு வந்த பூனைகளுக்கும் அதைப் போட்டபோது பதற்றம் குறைந்து காணப்பட்டது. ஊசி போடக் கூடையில் தூக்கிப் போகும் ஆட்டோப் பயணத்தில் நான் செல்போனில் அதைத்தான் மெல்ல வைக்கிறேன். வீட்டில் மீனுவுக்குத் தேவை உயரமாக ஓர் இடமும் அமைதியும்தான்.

மாட்டுக்கு இசை என்றால் ஆனாய நாயனார் குழலூத, கன்றுகள் பால்நுரை வாயோடு நின்றதைச் சொல்வார்கள். 2001-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தினர் பார்த்ததில் மெதுவான இசைக்குப் பால் 3 சதவீதம் கூடியது. வாடிப்பட்டி பக்கம் எங்கள் அம்மா வீட்டுப் பசுவுக்கு அம்மா "ஏ லட்சுமி, வா தாயி" என்று இழுத்துப் பேசிக்கொண்டே உட்கார வேண்டும், அப்போதுதான் மடி இளகும். கிளிக்குப் பாட்டுக் கற்றுக்கொடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று மட்டும்: நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேப்பமரத்துக் கிளியைக் கேட்டு மகிழுங்கள்.

எதைப் போடுவது என்று யோசிக்கும் முன் காது கேட்கிறதா என்று பாருங்கள். திருநகரில் தெரிந்தவர் வீட்டில் ஒரு வெள்ளை ராஜபாளையம் குட்டி. தீபாவளிக்குக்கூட அசையாது, அவ்வளவு தைரியம் என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் போயிருந்தபோது, அது தூங்குகையில் பின்பக்கம் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினேன். காது மடல்கூட அசையவில்லை. பிறகு தரையைக் காலால் தட்டினேன், உடனே கண் விழித்துப் பார்த்தது. வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடு வருவது அந்த இனத்தில் உண்டு. மருத்துவரும் அதையே சொன்னார். இப்போது அந்த வீட்டில் கை ஜாடையில் கூப்பிடுகிறார்கள், வாலாட்டிக்கொண்டு ஓடிவருகிறது.

இந்தப் பங்குனியிலும் அதே இடத்தில் குழாய் கட்டினார்கள். இந்த முறை கமிட்டி அண்ணனிடம் போய், "அண்ணே, வீட்டுல வாயில்லா ஜீவன் இருக்கு, அந்தக் குழாய கொஞ்சம் ரோட்டுப் பக்கமா திருப்பி விடச் சொல்லுங்க" என்று கேட்டேன். மறுபேச்சில்லாமல் ஆளை ஏற்றித் திருப்பிவிட்டார். சாயங்காலம் கூலரும் 103.3-ம் ஓடிக்கொண்டிருந்தன. மைக் டெஸ்டிங் குரலுக்குச் செவலை கிரைண்டர் பக்கம் போகவில்லை, உள் அறைக்கு வந்து என் காலோடு காலாகப் படுத்தாள். வேட்டுப் போட்டபோது நடுங்கினாள்தான். இரவு பத்து மணிக்குக் குழாய் நின்றதும் தானாக எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு, மிச்சம் இருந்த ஈரலையும் தின்றாள்.