தொடாம வச்சிருந்த ஓடியை (ஓவர்டிராஃப்டை) பேங்க் எடுத்துருச்சு, இப்ப அந்த இடத்துல எதை வைக்கிறது?

பங்குனி பாதியில கிணத்துத் தண்ணி இறங்க ஆரம்பிச்சா எங்க கடையில சப்மெர்சிபிள் மோட்டார் நல்லா ஓடும். கோயம்புத்தூர் டீலர் பணம் ஏறுனாத்தான் லாரில ஏத்துவாரு, இங்க விவசாயி கையில இருந்து காசு வர பத்து பன்னெண்டு நாள் ஆகும், இந்த நடுவுல இருக்குற நாளுக்குத்தான் 2011லருந்து கரண்ட் அக்கவுண்ட்ல ரெண்டு லட்சத்துக்கு ஒரு கிளீன் ஓடி வச்சிருந்தேன், அதாவது கணக்குல காசு இல்லாட்டியும் அந்த லிமிட் வரைக்கும் எடுத்துக்கலாம், எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி. ஜாமீன் கிடையாது, பத்திரம் கிடையாது, அப்ப இருந்த மேனேஜர் கணக்குல வரவு செலவைப் பாத்துட்டு போட்டுக் குடுத்தது. கடைசி மூணு வருஷம் கையில கொஞ்சம் காசு புரண்டதால அதைத் தொடவே இல்ல.

போன சீசன்ல ஒன்றரை லட்சம் நெஃப்ட் போடுறேன், போதுமான இருப்பு இல்லைன்னு வருது. லாரி ஆபீஸ்ல இருந்து போன் மேல போன். ஓடுனேன் பிராஞ்சுக்கு. புதுசா வந்த தம்பி கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, "அண்ணாச்சி, மூணு வருஷமா நீங்க எடுக்கவே இல்லையே, ரினிவல்ல லிமிட்டை எடுத்துட்டாங்க, மெசேஜ் வந்திருக்குமே"ன்னாரு. "தேவையில்லாம கடன் வாங்காம இருந்தேன் தம்பி, அதுக்கா?"ன்னு கேட்டேன். அவரு என்ன சொல்லுவாரு பாவம், சிரிச்சாரு. மெசேஜ் வந்திருந்தது உண்மைதான், லோன் வேணுமா லோன் வேணுமான்னு வர்ற நூறு மெசேஜுக்கு நடுவுல அதுவும் கிடந்திருக்கு.

கோவம் அடங்குனப்புறம் யோசிச்சா பேங்க் பக்கத்து கணக்கு புரியுது. நாம தொடாத லிமிட்ல அவங்களுக்கு வட்டி வராது, ஆனா வருஷா வருஷம் ரினிவல் பேப்பர் வேலை இருக்கு, நம்ம தொழில் படுக்குற அன்னைக்குத்தான் நாம அதை முழுசா உருவுவோம்ங்குறதும் அவங்களுக்குத் தெரியும். இதுல 2023 நவம்பர்ல ரிசர்வ் பேங்க், ஜாமீன் இல்லாத தனிநபர் கடனுக்கு ரிஸ்க் வெயிட்டை (கடனுக்கு பேங்க் எவ்வளவு மூலதனம் ஒதுக்கணும்னு கணக்கு போடுற சதவீதம்) 100லருந்து 125 ஆக்குனதுலருந்து கிளீன் கடன்னாலே எல்லாருக்கும் கை கொஞ்சம் இறுகிருச்சு. அப்புறம் இன்னொண்ணு, சாங்ஷன் லெட்டர்ல (லிமிட் குடுக்கும்போது பேங்க் தர்ற அனுமதிக் கடிதம்) எப்ப வேணா முன்னறிவிப்பு இல்லாம ரத்து பண்ணலாம்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அது சும்மா போட்டது இல்ல. அப்படி எழுதிக்கிட்ட தொடாத லிமிட்டுக்கு பேங்க் மூலதனம் ஒதுக்க வேண்டியதில்ல, எழுதாம ஒரு வருஷத்துக்கு மேல வாக்கு குடுத்தா அந்தத் தொகையில பாதியைக் கடன் மாதிரியே கணக்குல எடுக்கணும். அதாவது செலவே இல்லாம அது நம்ம கணக்குல உக்காந்திருந்ததுக்கும் ஒரே நாள்ல போனதுக்கும் காரணம் அந்த ஒரே வரிதான்.

சரி, இப்ப மாத்து என்ன? ஆளாளுக்கு ஒரு வட்டி சதவீதம் சொல்றாங்க, அதை வச்சு ஒப்பிட்டா ஒண்ணும் விளங்காது, ஏன்னா ஓடிங்குறது நாள் கணக்கு. அதனால எல்லாத்துக்கும் ஒரே அளவுகோல் வச்சேன்: 1,50,000 ரூபாய், 12 நாள். பழைய ஓடிக்கு பதிமூணரை சதவீதம், அப்படிப் பாத்தா 666 ரூபாய். இந்த 666ஐ எது நெருங்குது, அதோட எதை அவங்களா திருப்பி எடுக்க முடியாது, இந்த ரெண்டுதான் எனக்குக் கேள்வி. கீழ நான் போடுற வட்டியெல்லாம் நான் விசாரிச்சது, உங்க ஊர்ல அரை ஒண்ணு கூடக்குறைய இருக்கும்.

முதல்ல எஃப்டி மேல ஓடி. ரெண்டு லட்சம் எஃப்டி போட்டா 90 சதவீதம் வரைக்கும் லிமிட், எஃப்டி வட்டிக்கு மேல ஒண்ணுலருந்து ரெண்டு சதவீதம். ஆறரைக்கு எஃப்டி, ஏழரைக்கு ஓடின்னு வச்சா 12 நாளைக்கு 370 ரூபாய், பழைய ஓடில கிட்டத்தட்ட பாதி. அதே நேரம் எஃப்டி பாட்டுக்கு ஆறரை சம்பாதிச்சுக்கிட்டே இருக்கும், அதைக் கழிச்சா உண்மையில கையை விட்டுப் போறது ஒரு சதவீதம்தான், அம்பது ரூபாய்க்குள்ள. "உன் காசை உனக்கே வட்டிக்கு விடுறான், இதுக்கு எஃப்டியை உடைச்சிரலாம்ல"ன்னு என் மச்சான் கேட்டாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எட்டு மாசம் ஓடுன ரெண்டு லட்சத்தை உடைச்சா அபராதம் ஒரு சதவீதம்னு வச்சாலே 1,333 ரூபாய் போகும், எட்டு மாசத்துக்கான வட்டி விகிதம் கம்மியா இருந்தா அது தனி. சீசனுக்கு நாலு தடவை பணம் தேவைப்படுறவன் நாலு தடவையா உடைச்சு ஒட்டுவான்?

இதுல கவனிக்க வேண்டியது சில இருக்கு. வரிச்சலுகைக்குப் போட்ட அஞ்சு வருஷ எஃப்டியை அடமானம் வைக்க முடியாது, நான் அதைத்தான் தூக்கிட்டுப் போய் திரும்பி வந்தேன். ரெண்டு பேர் பேர்ல இருந்தா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். எஃப்டி முதிர்ற தேதியில ஓடியும் முடிஞ்சிரும், அதனால தேதியைக் காலண்டர்ல எழுதிப் போடுங்க. எடுத்துட்டு மறந்துராதீங்க, வட்டி ஏறிக்கிட்டே போய் எஃப்டி ஈடு பத்தாமப் போனா வாராக்கடன் பக்கம் தள்ளலாம். மத்தபடி இதை பேங்க் சும்மா எடுக்காது, அவங்க கையில நம்ம பணமே இருக்கே. குறை ஒண்ணுதான், முதல்ல ரெண்டு லட்சத்தை முடக்கணும். பழைய ஓடில அந்த ரெண்டு லட்சமும் சரக்கா சுத்திக்கிட்டு இருந்துச்சு, அந்த சுகம் இதுல இல்ல.

ஸ்வீப் டெபாசிட்னு ஒண்ணு சொல்லுவாங்க, தேவைக்கு அதுவா துண்டு துண்டா உடைஞ்சு கணக்குக்கு வரும். சம்பளக்காரங்களுக்கு ஓகே, அடிக்கடி எடுத்து போடுற எனக்கு உடைஞ்ச துண்டுக்கு வட்டி கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு.

அடுத்தது நகை. நம்ம ஊர்ல இதுதான் நிஜமான ஓடி, பீரோல இருக்கும். பேங்க்ல ஒம்பது சதவீதம்னா 12 நாளைக்கு 444 ரூபாய். ஆனா அன்னைக்கு நடந்ததைச் சொல்லணும். காலைல பத்தரைக்கு வீட்டம்மா ரெட்டை வடச் சங்கிலியோட போறேன், அப்ரைசர் பதினொன்றைக்குத்தான் வந்தாரு, உரைகல்லுல ஒரு இழு இழுத்து சொட்டு விட்டுப் பாத்தாரு, எடை போட்டாரு, பதக்கத்துல இருக்குற கல்லுக்கும் அரக்குக்கும் கழிச்சாரு, அப்புறம் ஃபார்ம், கையெழுத்து, போட்டோ. பணம் கணக்குல ஏற மதியம் ரெண்டு மணி. அப்ரைசர் கூலி, சார்ஜ் எல்லாம் சேத்து எனக்கு ஐநூறு கிட்ட போச்சு, ஆக மொத்தம் தொள்ளாயிரத்துச் சொச்சம், அரை நாள் கடையும் போச்சு. 12 நாள் கழிச்சு திருப்ப இன்னொரு தடவை அலையணும். சொந்தச் செலவுக்கு வாங்குற நகைக்கடன்ல ரெண்டரை லட்சம் வரைக்கும் மதிப்புல 85 சதவீதம் குடுக்கலாம்னு ரிசர்வ் பேங்க் 2025ல புது விதி கொண்டு வந்திருக்கு, கடனை அடைச்சப்புறம் ஏழு வேலை நாளைக்குள்ள நகையைக் குடுக்கலைன்னா நாளுக்கு 5,000 ரூபாய் அவங்க தரணும்ங்குறதும் அதுல இருக்கு. நகைய வச்சு ஓடி மாதிரியே லிமிட் போட்டுக் குடுக்குற பேங்கும் உண்டு, ஒரு தடவை அலைஞ்சா வருஷம் முழுக்க எடுக்கலாம் போடலாம், அது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஆனா சித்திரை வைகாசில கல்யாணத்துக்குப் போக சங்கிலி லாக்கர்ல இருந்தா வீட்ல யாரு பதில் சொல்றது?

கிரெடிட் கார்டுல ரெண்டு முகம். டீலர் கார்டு வாங்குனா 45 நாள் வரைக்கும் வட்டியே இல்ல, இதை அடிக்க ஆளே கிடையாது. ஆனா எங்க டீலர் ரெண்டு சதவீதம் மேல போட்டாத்தான் தேய்ப்பேங்குறாரு, ஒன்றரை லட்சத்துக்கு 3,000, முடிஞ்சுது கதை. கார்டுல பணமா எடுத்தா அதை விட மோசம்: ரெண்டரை சதவீதம் கட்டணம், அதுக்கு ஜிஎஸ்டி, எடுத்த நாள்லருந்தே மாசம் மூன்றரை வட்டி, அதுக்கும் ஜிஎஸ்டி, கூட்டிப் பாத்தா 6,869 ரூபாய். ஒரு மோட்டார்ல நிக்கிற லாபமே அவ்வளவு வராது. இதுல இன்னொரு வேடிக்கை, ஒரு வருஷத்துக்கு மேல தொடாத கார்டை, நம்மகிட்ட சொல்லிட்டு 30 நாள்ல பதில் வரலைன்னா மூடணும்னு ரிசர்வ் பேங்க் விதியே இருக்கு. ஆக தொடாத ஓடியை எடுத்துட்டாங்கன்னு தொடாத கார்டை நம்பி உக்காந்தா அதே மெசேஜ் திரும்ப வரும். கார்டு வச்சிருந்தா மாசம் ஒரு ரீசார்ஜாவது அதுல பண்ணிருங்க.

போன்ல வர்ற முன்கூட்டியே அனுமதிச்ச பர்சனல் லோன் 12 நாள் வேலைக்கு ஆகாது. ரெண்டு சதவீதம் பிராசசிங், ஜிஎஸ்டியோட 3,540, பன்னெண்டாம் நாள் கட்ட வந்தா முன்கூட்டி அடைக்க தனி கட்டணம்பாங்க. பஜார்ல மூணு வட்டிக்கு வாங்குனா ஒரு நாள் வச்சிருந்தாலும் ஒரு மாசக் கணக்கு, 4,500. கார்டுல பணம் எடுக்குறதை விட இது மலிவுங்குறதை எழுதும்போதே எனக்கு கசக்குது.

பழைய ஓடியையே திரும்பக் கேட்டுப் பாத்தேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன், ரெண்டு வருஷ வருமான வரி ரிட்டர்ன், பேலன்ஸ் ஷீட் எல்லாம் கேட்டாங்க, குடுத்தா குடுப்பாங்கன்னும் இல்ல. பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேன் கிட்ட போலாமான்னா, லிமிட் குடுக்குறதும் எடுக்குறதும் பேங்கோட வணிக முடிவு, அதை ஆம்பட்ஸ்மேன் திட்டம் விசாரணைக்கே எடுக்காது. சொல்லாமக் கொள்ளாம எடுத்தாங்கன்னா சேவைக் குறைபாடுன்னு கேக்கலாம், முதல்ல பேங்குக்கு எழுதிக் குடுத்து 30 நாள் பொறுக்கணும். எனக்குத்தான் மெசேஜ் வந்துருச்சே.

கடைசில ரெண்டு லட்சம் சீட்டுப் பணம் வந்ததும் அப்படியே எஃப்டி போட்டு அது மேல ஓடி வாங்கிட்டேன், வேற பேங்க்ல. ஒன்றரை லட்சத்துக்கு மேல தேவைப்பட்டா சங்கிலி, அதுவும் முகூர்த்தம் இல்லாத மாசமா இருந்தா மட்டும். எஃப்டி ஓடியைத் தொடலைன்னாலும் எடுக்க மாட்டாங்கன்னு தெரியும், இருந்தாலும் சூடு கண்ட பூனை, ரெண்டு மாசத்துக்கு ஒருக்க அஞ்சாயிரம் எடுத்து ரெண்டு நாள்ல திருப்பிக் கட்டிருவேன். போன வாரம் பாஸ்புக்கைப் பாத்துட்டு வீட்டம்மா, "இது என்ன ரெண்டு ரூபா வட்டி, எதுக்கு?"ன்னு கேட்டா.