நியாயம் இருக்கு, முறை இல்ல

சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு வீட்டு விவகாரம். பாகம் பிரித்த வீட்டில் தன் பாதியைத் தம்பிக்காரர் வெளியாளுக்குக் கிரயம் எழுதிவிட்டார், அடுத்த பாதியில் குடியிருக்கும் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல். பத்திரம் சுத்தம், விலையும் சரி. கேள்விப்பட்ட என் ஆச்சி சொன்னாள்: "அவன் சொல்லுதது நியாயமாத்தான் இருக்கு. ஆனா முறையில்லையே."

அகராதியில் நீதி, நியாயம், முறை மூன்றும் ஒன்றுக்கொன்று பொருளாக நிற்கும். பேச்சில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது.

நீதி, மேடைச் சொல். நீதிபதி, நீதிமன்றம், நீதிக்கதை என்று யாரோ தர நாம் வாங்கிக்கொள்வது. பாளையங்கோட்டைக் கோர்ட்டில் ஜெயித்து வந்தவர்கூட வீட்டில் "தீர்ப்பாயிட்டு" என்றுதான் சொல்வார்.

நியாயம் தெருவுக்கு வந்த சொல். ரேஷன் கடைப் பலகையிலேயே 'நியாய விலை' இருக்கிறது. "அவம் பக்கமும் ஒரு நியாயம் இருக்குல்லா" என்போம். நீதிக்கு அப்படிப் பக்கம் கிடையாது. ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம் என்பதாலேயே அது சாக்காகவும் இறங்கிவிடுகிறது. "நியாயம் பேசாதல" என்றால் சாக்குச் சொல்லாதே என்று அர்த்தம்.

எனக்கு நெருக்கமானது முறைதான். 'தேர்ந்துசெய் வஃதே முறை' என்கிற குறளில் அது அரசன் வழங்கும் தீர்ப்பு. மேல்முறையீடு என்ற கோர்ட்டுச் சொல்லில் அந்தப் பொருள் இன்னமும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அது அரண்மனையை விட்டு வீட்டுக்கும் வயலுக்கும் வந்துவிட்டது. மைனி முறை, மாமன் முறை. கல்யாண வீட்டில் முறை செய்வது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவது. உறவு, சீர், வரிசை, சரி எல்லாவற்றுக்கும் ஒரே சொல். நியாயத்தை ஒருவன் தனியாக உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்துவிடலாம். முறைக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். (செய்தித்தாள்கள் இதையே 'முறைகேடு' என்று கணக்கு வழக்கு ஊழலுக்கு ஒதுக்கிவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு.)

ஆனால் முறையை மட்டும் நம்பவும் கூடாது. இன்ன சாதி கோவிலுக்குள் வரக்கூடாது என்பதும் இங்கே முறை என்ற பெயரில்தான் நின்றது. அதை அசைக்க நியாயம் கேட்டவர்கள் வேண்டியிருந்தது. 1947-இல் சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டமும் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் "முறையில்ல" என்று வாய் திறந்தவரைவிட, "இது என்ன நியாயம்?" என்று கேட்டவர் பக்கம்தான் நான் நிற்பேன்.

வீடு விற்ற தம்பிக்காரர் ஒருநாள் ஆச்சியிடமே வந்தார். "சட்டப்படி என்ன தப்பு பெரியம்மா?"

"தப்புன்னு நான் சொல்லலியேல. முறையில்லன்னுதான் சொல்லுதேன். போயி ஒங்க அண்ணங்கிட்ட செத்த ஒக்காந்து பேசு."