ஸ்டோரிவீவர்: வாசிக்கத் தொடங்கும் தமிழ்ப் பிள்ளைக்கு எவ்வளவு உதவும்?

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவர் எழுத்தறிவு பெற்றவர் என்று பதிவாக, வயது 7 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஏதாவது ஒரு மொழியில் படித்துப் புரிந்துகொள்ளவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தால் போதாது. 2011 கணக்கெடுப்பில் இந்த வரையறைப்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09%. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கும் புரிந்து படிப்பதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. அதைக் கடக்காத பிள்ளைக்கு நான்காம் வகுப்பில் கணக்கே தடுமாறும். கூட்டல் தெரியும், ஆனால் ‘மீதி எத்தனை’ என்று முடியும் மூன்று வரிக் கேள்வி என்ன கேட்கிறது என்று பிடிபடாது. வளர்ந்த பிறகு மாத்திரை அட்டையும் வங்கிப் படிவமும் இதே தொல்லையைக் கொடுக்கும்.

அந்தத் தூரத்தைக் கடக்கப் பாடப்புத்தகம் ஒன்று போதாது. சின்னச் சின்னப் புத்தகங்கள் நிறைய வேண்டும். பெங்களூரைச் சேர்ந்த லாபநோக்கற்ற பதிப்பகமான பிரதம் புக்ஸ், 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம் அதைத்தான் இலவசமாகத் தருகிறது. கதைகளைப் படிக்கலாம், பிடிஎஃப் ஆக இறக்கி அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம். பெரும்பாலான கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், ஆக்கியவர்களின் பெயரையும் உரிமத்தையும், மாற்றியிருந்தால் அதையும் சொன்னால் போதும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கிராமத்துப் பள்ளிக்கும் தெரு நூலகத்துக்கும் இது பெரிய வரம்.

தமிழுக்கு இது எப்படி? நல்லது. ஆனால் நிலை எண்ணை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது.

தளம் கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. முதல் நிலைக்கு 250 சொல்லுக்குள், இரண்டாம் நிலைக்கு 600 வரை, மூன்றாம் நிலைக்கு 1500 வரை, அதற்கு மேல் போனால் நான்காம் நிலை. ஆங்கிலத்துக்கு இந்த அளவுகோல் ஓரளவு பொருந்தும். தமிழ் அப்படியில்லை. ஆங்கிலத்தில் ஏழு சொல்லில் வரும் ஒரு வாக்கியம் தமிழில் ‘பூனை பாலைப் பார்த்துக்கொண்டிருந்தது’ என்று மூன்றே சொல்லில் முடிந்துவிடும். சொல் எண்ணிக்கையைப் பார்த்தால் எளிது. ஆனால் அந்தக் கடைசிச் சொல்லில் மட்டும் 12 எழுத்து: பா, ர், த், து, க், கொ, ண், டி, ரு, ந், த, து. இதில் ஐந்து மெய்யெழுத்துகள் வந்து நிற்கின்றன. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறது, இடப்பக்கக் கொம்பை முதலில் பார்க்கும் பிள்ளை ‘கெ’ என்று தொடங்கிவிட்டுத் திரும்பி வரும். எட்டாவது எழுத்துக்குப் போவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். சொல்லை முழுசாகப் படித்து முடித்த பிள்ளையிடம் பூனை என்ன செய்தது என்று கேட்டால் விழிப்பது இதனால்தான். ‘பூனை பாலைப் பார்த்தது’ என்று இருந்திருந்தால் கதைக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

ஆகவே அட்டையில் போட்டிருக்கும் நிலையைவிட, உள்ளே இருக்கும் மிக நீளமான சொல்லைப் பாருங்கள். முதல் நிலைப் புத்தகத்தில் ஐந்தாறு எழுத்துக்கு மேற்பட்ட சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வந்தால், அது பெரியவர் படித்துக் காட்ட வேண்டிய புத்தகம். ஒரு பக்கத்தில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் இருந்தாலும் அப்படித்தான். ஷ, ஜ, ஸ போன்ற எழுத்துகள் விலங்கின் பெயரிலோ பிள்ளையின் பெயரிலோ வந்து ஒவ்வொரு பக்கத்திலும் திரும்புகிறதா என்றும் பாருங்கள். அந்த எழுத்தை இன்னும் படிக்காத பிள்ளை அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற தொடக்க வகுப்புத் திட்டத்தில், பிள்ளையின் கற்றல் திறனைப் பொறுத்துக் கீழிருந்து மேலாக வகுத்த அரும்பு, மொட்டு, மலர் நிலைகளோடு இதை நேருக்கு நேர் ஒட்ட வைக்க முடியாது. அரும்பு நிலைப் பிள்ளைக்கு இங்குள்ள பெரும்பாலான முதல் நிலைக் கதைகளைத் தனியே படிக்கக் கொடுக்க முடியாது என்பதே எங்கள் கணிப்பு. மொட்டுக்கு, மேலே சொன்னபடி சலித்து எடுத்தால் பொருந்தும். மலருக்கு முதல் நிலை தாராளம். இரண்டாம் நிலையில் சிலவும் ஆகும்.

பொருந்துகிறதா என்று பிள்ளையை வைத்தே சோதிக்க எளிய வழி உண்டு. ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் தடுமாறினால் அந்தப் புத்தகத்தைச் சேர்ந்து படியுங்கள். படங்கள் அருமையாக இருப்பதால் இன்னொரு சிக்கலும் வரும்: படத்தைப் பார்த்து ஊகித்தே முழுக் கதையையும் ‘படித்து’விடும் பிள்ளைகள் உண்டு. கதையில் வரும் ஐந்து சொற்களைத் தனித் தாளில் எழுதிக் காட்டினால் உண்மை தெரிந்துவிடும். ஊகிப்பது தவறு என்று திட்ட வேண்டாம், எழுத்தையும் பார்க்க வைத்தால் போதும்.

மொழித் தரம் கதைக்குக் கதை மாறுகிறது. பதிப்பகமே வெளியிட்டவை பெரும்பாலும் சீராக இருக்கும். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம் என்பதால் தன்னார்வலர்களின் பதிப்புகளில் ஒற்றுப்பிழையும் ‘அது ஒரு அழகான நாளாக இருந்தது’ மாதிரி ஆங்கில வாடை வீசும் வாக்கியங்களும் கிடக்கும். ஒரே கதைக்கு இரண்டு தமிழ் வடிவங்கள் இருந்தால் இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்து, நாக்குக்கு வருவதை எடுங்கள். ‘வந்துச்சு’ என்று பேசும் பிள்ளை ‘வந்தது’ என்று புத்தகத்தில் பார்க்கும்போது தயங்குவது இயல்பு. அதைப் பிழையாக எண்ணாதீர்கள்.

நீளச்சொல் குறைக்குத் தளத்திலேயே மருந்தும் இருக்கிறது. பயனர் கணக்குத் தொடங்கி உள்ளே போனால், இருக்கும் கதையை எடுத்து வேறு நிலைக்கு மாற்றி எழுதும் வசதி உண்டு. படங்கள் அப்படியே இருக்கும். எழுத்தை மட்டும் மாற்றுகிறோம். ‘கொண்டிருந்தது’ எல்லாவற்றையும் எளிய இறந்தகாலமாக்குங்கள், நீள வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். ஒரு முக்கியமான சொல்லை நாலைந்து பக்கத்தில் திரும்ப வர வையுங்கள். முதல் நிலைக் கதை என்றால் ஒரு மாலையில் வேலை முடிந்துவிடும். ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்த வேண்டிய வசதி இதுதான்.

அச்சிடும்போது ஒரு ஏ4 தாளில் ஒரு பக்கம் போடுங்கள். காகிதம் மிச்சம் என்று இரண்டு பக்கங்களை ஒரே தாளில் சுருக்கினால் தொடக்க வாசகருக்கு எழுத்து பொடியாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளிகள் முதலில் காணாமல் போகும். கருப்பு வெள்ளையில் எடுப்பதாக இருந்தால், எழுத்து படத்தின் மேல் ஏறி நிற்கும் கதைகளைத் தவிருங்கள். வண்ணத்தில் தெளிவாக இருப்பது சாம்பலில் மங்கிவிடும். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர்கள் உள்ள கடைசிப் பக்கங்களைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள். உரிமம் முக்கியமாகக் கேட்பது அதைத்தான்.

முதியோர் கல்வி வகுப்புக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஐம்பது வயதுப் பெண்ணிடம் குட்டி யானைக் கதையைக் கொடுத்தால் கூச்சம்தான் மிஞ்சும். அங்கே பேருந்துப் பலகை, ரேஷன் கடை அறிவிப்பு, மின்கட்டண ரசீது இவற்றிலிருந்து தொடங்குவது மேல். வீட்டில் பேரப்பிள்ளைக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று அவரே கேட்டால், முதல் நிலையில் ஒரு கதையைத் தாராளமாக அச்சிட்டுக் கொடுங்கள்.