இங்கிலாந்து பிரவுன் ஏலா, அமெரிக்க பிரவுன் ஏலா: குளிர் விட்ட பிறகுதான் தெரியும்

நான்கு மாதமாக வாரக் கடைசியில் எனக்கு ஒரே வேலைதான். ஒரே அளவுள்ள இரண்டு கிளாஸ். ஒன்றில் இங்கிலாந்துப் பாணி பிரவுன் ஏல் என்னும் பழுப்பு நிற பியர், இன்னொன்றில் அமெரிக்கப் பாணி. பக்கத்தில் தண்ணீர், வெறும் ரொட்டித் துண்டு, ஒரு நோட்டு. இரண்டையும் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்த எனக்கு, இனி ஒன்றை மட்டும் தொடர்ந்து வாங்கி அதை நன்றாகப் பழகிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அதற்காகத்தான் இந்த ஒப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கிலாந்துப் பாணியைத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் முதல் மூன்று வாரமும் ஜெயித்தது அமெரிக்கப் பாணிதான்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இங்கிலாந்தில் இன்றைய அர்த்தத்தில் பிரவுன் ஏல் என்று பாட்டிலில் வந்த முதல் சரக்கு, லண்டனின் மான்ஸ் பிரவுன் ஏல், 1902இல். அது இனிப்பானது, 2.8 சதவீதம்தான் ஆல்கஹால். 1927இல் வந்த நியூகாசில் பிரவுன் ஏல் வேறு ரகம்: இனிப்புக் குறைவு, நிறம் வெளிர், இன்றைய கணக்கில் 4.7 சதவீதம். இப்போது இங்கிலாந்துப் பாணி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில் வந்தது. அமெரிக்கப் பாணி, வீட்டில் பியர் காய்ச்சியவர்கள் இதையே எடுத்து, கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூவைக் கூட்டி, வறுத்த மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கொஞ்சம் கூட்டியதில் பிறந்தது. 1986இல் வந்த பீட்ஸ் விக்கெட் ஏல் அதைக் கடைகளுக்குக் கொண்டுபோனது. ஒன்று மட்டும்: பாணி வேறு, ஊர் வேறு. நியூகாசில் பிரவுன் ஏலே இப்போது நியூகாசிலில் காய்ச்சப்படுவதில்லை. 2005இலேயே அந்த ஊரை விட்டுப் போய்விட்டது.

நிறத்தில் அமெரிக்கப் பாணி ஒரு படி கருப்பு. ஆல்கஹாலில் பெரிய வித்தியாசமில்லை. பியர் நடுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பி.ஜே.சி.பி. அமைப்பின் வழிகாட்டியில் இங்கிலாந்துப் பாணிக்கு 4.2 முதல் 5.9 சதவீதம் வரை, அமெரிக்கப் பாணிக்கு 4.3 முதல் 6.2 வரை. ஆச்சரியம் கசப்பில்தான் இருக்கிறது. இரண்டுக்குமே 20 முதல் 30 ஐ.பி.யு. (கசப்பை அளக்கும் அலகு) என்றுதான் போட்டிருக்கிறார்கள். தாளில் ஒரே கசப்பு, நாக்கில் ஒரே கசப்பு இல்லை. அந்த எண் கரைந்திருக்கும் கசப்புப் பொருளைத்தான் அளக்கிறது. கூட இருக்கும் இனிப்பு எவ்வளவு, வறுத்த தானியத்தின் காறல் எவ்வளவு, ஹாப்ஸ் வாசம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் வராது. பாட்டிலில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து பிரவுன் ஏல் வாங்குவதை நான் அப்போதே விட்டுவிட்டேன்.

மதிப்பெண் போட அதே அமைப்பின் தாளைத்தான் எடுத்துக்கொண்டேன். மொத்தம் 50: வாசத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்றுதான் என்பது எனக்குப் பிடித்திருந்தது. கண் நம்மை நிறைய ஏமாற்றும். கருப்பாக இருந்தால் கனமாக இருக்கும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. அதனால் சில வாரங்கள் உள்ளே தெரியாத மூன்று கோப்பைகளில் வேறொருவரை ஊற்றச் சொன்னேன்: இரண்டில் ஒரே ஏல், மூன்றாவதில் மற்றது. எது தனி என்று கண்டுபிடித்த பிறகுதான் எது நல்லது என்று பேச ஆரம்பித்தோம். கிளாஸில் குடித்த நாட்களில் கிளாஸ் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் குமிழிகள் பக்கச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், நுரை உடனே அமுங்கிவிடும்.

இப்போது அமெரிக்கப் பாணி. ஊற்றிய நிமிடத்தில் அது சந்தேகமில்லாமல் முந்திக்கொள்கிறது. கேஸ்கேட் மாதிரியான ஹாப்ஸில் இருந்து வரும் சாத்துக்குடித் தோல் வாசமும் பைன் மர வாசமும் மூக்கைத் தொட, அடியில் காபியும் கோகோவும் கலந்த வறுவல். முதல் மடக்கிலேயே மூன்று நான்கு விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன. புரூக்ளின் பிரவுன் ஏலை முதன்முதலில் குடித்தபோது, பிரவுன் ஏல் இவ்வளவு சுறுசுறுப்பாக இருக்க முடியுமா என்று நினைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பக்கத்தில் இருந்த இங்கிலாந்து கிளாஸ் அந்த நேரத்தில் மங்கலாகத்தான் இருந்தது: கொஞ்சம் ரொட்டி மேலோடு, கொஞ்சம் பாகு, அவ்வளவுதான். முதல் மூன்று வாரம் நோட்டில் அதற்கு நான் எழுதியது பெரும்பாலும் ஒரே வரி: சரி, மோசமில்லை.

நான்காவது வாரம் ஒரு போன் வந்தது. கிளாஸ்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனேன், திரும்பி வர அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிட்டது. கொட்டிவிடலாம் என்றுதான் இங்கிலாந்து கிளாஸை எடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனபோது வேறொரு பியரை யாரோ மாற்றி வைத்துவிட்டார்களோ என்று தோன்றியது. வறுத்த கொட்டையின் வாசம், பாகு கருகும் முன் வரும் வாசம், உலர்ந்த பழத்தின் மெல்லிய இனிப்பு, ஆழத்தில் மண் வாசனை போல ஒன்று. நட் பிரவுன் என்று சிலவற்றுக்குப் பெயர் வைக்கிறார்களே, அதில் கொட்டை எதுவும் போடுவதில்லை, எல்லாம் வறுத்த பார்லிதான். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அன்றுதான் புரிந்தது. அமெரிக்க கிளாஸையும் எடுத்துக் குடித்தேன். சாத்துக்குடி வாசம் பாதிக்கு மேல் போயிருந்தது. மிஞ்சியது கசப்பும் வறுவலும். அவை இரண்டும் சேர்ந்து அடிநாக்கில் துவர்ப்பாகப் பிடித்துக்கொண்டன.

அடுத்த வாரத்தில் இருந்து ஒரு சமையலறைத் தெர்மாமீட்டரையும் சேர்த்துக்கொண்டேன். குடிக்கும் கிளாஸில் போடாமல், பக்கத்தில் அதே அளவு ஊற்றிய இன்னொரு கிளாஸில் வைத்தேன். 5 டிகிரியில் ஒரு மடக்கு, 8இல் ஒன்று, 11இல் ஒன்று, 14இல் ஒன்று. வாரா வாரம் பாட்டில் மாறினாலும் வந்த வரைபடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். 5 டிகிரியில் அமெரிக்கப் பாணி நன்றாக முன்னால். 8இல் இன்னும் முன்னால். அதன் உச்சம் அங்கேதான். 11இல் இரண்டும் சமம். 14இல் இங்கிலாந்துப் பாணி தாண்டிப் போய்விடும். ஒரு நாள் ஒரே ஜோடிக்கு இரண்டு முறை தாள் நிரப்பிப் பார்த்தேன். குளிராக இருந்தபோது அமெரிக்கப் பாணிக்கு 36, இங்கிலாந்துக்கு 29. குளிர் விட்ட பிறகு 31, 38.

இதற்குக் காரணம் ஒன்றல்ல. குளிர்ந்த திரவத்தில் இருந்து வாசனைப் பொருட்கள் அவ்வளவாக ஆவியாகாது. நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு வாயின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசம்தான். அது அடைபட்டால் நாக்குக்குத் தெரிவது கசப்பும் புளிப்பும் கனமும் மட்டுமே. இனிப்பையும் குளிர் அமுக்கிவிடும். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுகிறது, உறைந்தது திகட்டுவதில்லை, அதே கணக்குதான். இங்கிலாந்து பிரவுன் ஏலில் எல்லாமே மால்ட்டைச் சுற்றித்தான் இருக்கிறது. கிரிஸ்டல் மால்ட் என்று ஒன்று போடுவார்கள். ஈரத்தோடு இருக்கும் தானியத்தைச் சூட்டில் வைத்து உள்ளிருக்கும் மாவு சர்க்கரையாக மாறிய பிறகு வறுப்பது அது. அதில் உண்டாகும் சர்க்கரையில் ஒரு பகுதியை ஈஸ்ட்டால் தின்ன முடியாது, பியரிலேயே தங்கிவிடும். குளிரில் அது தூங்குகிறது, 12 டிகிரியை நெருங்கும்போது எழுந்துகொள்கிறது. ஈஸ்ட் விட்டுப்போகும் பழ வாசமும் அப்போதுதான் மேலே வருகிறது.

அமெரிக்கப் பாணியில் இதே விஷயம் எதிராக வேலை செய்கிறது. ஹாப்ஸின் பளிச்சென்ற வாசம் தருகிற எண்ணெய்களில் பல சீக்கிரம் பறந்துவிடுபவை. குளிர் விடும்போது முதலில் பொங்கி மேலே வரும், 8 டிகிரியில் அது உச்சத்தில் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அப்புறம் குறைந்துகொண்டே போகும். கசப்பு மட்டும் எங்கும் பறக்காது. வாயுவும் வெளியேறிவிட, நாக்கைக் கழுவிவிடும் அந்தச் சுருக்கென்ற உணர்வு போய்விடுகிறது. கசப்பும் வறுவலும் துணையில்லாமல் நிற்கின்றன. நான் ஒரு கிளாஸை மெதுவாகக் குடிக்கிற ஆள். முக்கால் மணி நேரம் ஆகும். என் கிளாஸில் பாதிக்கு மேல் 11 டிகிரியைத் தாண்டித்தான் தீர்கிறது. அதாவது நான் குடிக்கும் பியரின் பெரும்பகுதி இங்கிலாந்துப் பாணியின் பக்கத்தில் இருக்கிறது. என் முடிவுக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்தது. இங்கிலாந்தில் காஸ்க் ஏலை, அதாவது பீப்பாயில் இருந்து நேராக ஊற்றும் ஏலை, 11 முதல் 13 டிகிரி வாக்கில்தான் கொடுக்கிறார்கள் என்று பல முறை படித்திருக்கிறேன். அதை ஒரு பழைய பழக்கம் என்று மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தது என் தவறு. (நியூகாசிலில் பாட்டிலை வைத்துக்கொண்டு சின்ன கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குடிக்கும் வழக்கம் உண்டு. அது இதற்கு நேரெதிர். கிளாஸில் இருப்பது சூடேறவே விடாது. ஒரு முறை அப்படியும் குடித்துப் பார்த்தேன், தாகத்துக்கு நன்றாக இருந்தது.)

இங்கிலாந்துப் பாணியை எடுத்ததில் ஒரு நஷ்டமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். குளிர் விட்டால் நல்லது மட்டுமா தெரியும், குறையும் தெரியும். ஹாப்ஸ் நிறைய இருந்தால் சின்னக் குறைகள் அதன் அடியில் மறைந்துகொள்ளும். இங்கிலாந்துப் பாணியில் மறைய இடமே இல்லை. ஈஸ்ட் தன் வேலையை முழுதாக முடிக்கவில்லை என்றால் வெண்ணெய் வாசம் வரும். டாஃபி வாசத்தோடு கலந்து வருவதால் முதலில் நன்றாகக்கூட இருக்கும், 14 டிகிரியில் வாயெல்லாம் வழவழப்பாகிவிடும். பழையதாகிப் போனால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம். ஒருமுறை நிறமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் வந்த ஒன்றை வாங்கினேன். வெளிச்சமான அலமாரியில் எவ்வளவு நாள் நின்றதோ, திறந்ததும் மரநாய் நாற்றம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டுச் சிதைவதால் வருவது அது. பழுப்புக் கண்ணாடியோ கேனோ இருந்தால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை, இப்போது அப்படித்தான் பார்த்து வாங்குகிறேன். நான் குடித்தவற்றில் மிக மோசமான ஐந்தை எழுதச் சொன்னால் நான்கு இங்கிலாந்துப் பாணியாகத்தான் இருக்கும். சுமாராகக் காய்ச்சிய அமெரிக்க பிரவுன் ஏல், சுமாராகக் காய்ச்சிய இங்கிலாந்து பிரவுன் ஏலைவிட நிச்சயம் மேல். யார் காய்ச்சியது என்று தெரியாத நிலையில் ஒன்றைத்தான் கேட்க முடியும் என்றால் நான் இன்றும் அமெரிக்கப் பாணியைத்தான் கேட்பேன்.

என் அனுபவம் மெலிந்திருக்கும் இடங்களும் உண்டு. காஸ்க்கில் இருந்து நேராக ஊற்றிய இங்கிலாந்து பிரவுன் ஏலை இரண்டே முறைதான் குடித்திருக்கிறேன். இரண்டும் பிரமாதமாக இருந்தன என்பதற்காக அதை ஒரு விதியாகச் சொல்ல மாட்டேன். காய்ச்சி இரண்டு மூன்று வாரமே ஆன அமெரிக்க பிரவுன் ஏலும் எனக்கு அதிகம் கிடைத்ததில்லை. ஹாப்ஸ் வாசம் நாளாக ஆகக் குறைவது என்பதால், நான் அந்தப் பாணிக்குப் போட்ட மதிப்பெண்ணில் கொஞ்சம் அநியாயம் கலந்திருக்கலாம். டாக்ஃபிஷ் ஹெட்டின் இந்தியன் பிரவுன் ஏல் போல 7 சதவீதத்தைத் தாண்டுபவை வேறு உலகம். அவற்றில் ஆல்கஹாலின் சூடே சுவையின் ஒரு பகுதியாகிவிடுவதால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

கிளாஸைப் பத்து நிமிடத்தில் முடிப்பவர் நீங்கள் என்றால் நான் மேலே சொன்னதில் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தாது. அமெரிக்கப் பாணியை எடுத்து, ஃபிரிட்ஜில் இருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள், பாட்டிலில் அடைத்த தேதியை மட்டும் பார்த்து வாங்குங்கள். நான் இப்போது இங்கிலாந்துப் பாட்டிலை அரை மணி நேரம் முன்னதாக எடுத்து வைத்துவிடுகிறேன். முதல் மடக்கைக் குடித்துவிட்டு நோட்டில் எதுவும் எழுதுவதில்லை. பாதி கிளாஸ் தீர்ந்த பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன்.