கோழிக்குஞ்சுக்குக் கலர் பவுடர்: 25 ரூபாய்க்குத் தேறுமா?

தை மாதம் எங்கள் வீட்டில் மூன்று பொட்டைக்கோழிகள் ஒரே வாரத்தில் குஞ்சு பொரித்தன. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் இரண்டு. நடுவில் இருப்பது ஓட்டை விழுந்த ஒரு வேலி. ஐந்து தாய்களும் ஒரே குப்பைமேட்டைக் கிளறினால் எந்தக் குஞ்சு யாருடையது என்று எப்படித் தெரியும்? "ஏங் கண்ணு, அந்தக் கோடு போட்ட குஞ்சு எங்க கோழிதுதான?" என்று பெரியம்மா கேட்ட அன்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

சண்டை வருவதற்குள் அடையாளம் வைத்துவிடலாம் என்று மளிகைக் கடைக்குப் போய், கேசரிக்குப் போடுகிற கலர் பவுடர் வாங்கினேன். பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று, டப்பா 25 ரூபாய். சாப்பாட்டில் போடுவதுதானே, குஞ்சுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். சாயத்தைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரிதான். தப்பு நடந்தது வேறு இடத்தில்.

நான் தையல்காரி. துணிக்குச் சாயம் முக்கிய பழக்கத்தில் டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து, முதல் குஞ்சைக் கழுத்துவரை முக்கி எடுத்துவிட்டேன். அந்தப் பஞ்சு மயிர் நனைந்து உடம்போடு ஒட்டியதும் குஞ்சு பாதியாகச் சுருங்கிப்போனது. உடம்பெல்லாம் நடுக்கம், கண் சொருகுகிறது. அட்டைப்பெட்டியில் உமி பரப்பி 60 வாட்ஸ் குண்டு பல்பு போட்டு, ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டது. முதல் வாரத்தில் குஞ்சுக்கு 35 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அதைத் தாயின் வயிற்றுக்கடியிலோ பல்பிலோதான் அது வாங்கிக்கொள்ளும். வாங்கின சூட்டைப் பிடித்து வைப்பது அந்தப் பஞ்சு மயிர். அதை நனைத்துவிட்டு எந்தச் சாயம் நல்லது என்று யோசித்து என்ன பயன்?

அதற்கப்புறம் முக்கவில்லை. காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு முதுகில் ஒரு பொட்டு, உச்சிவெயில் நேரத்தில். இந்த முறையில் ஒரு குஞ்சுக்கும் சளியோ நடுக்கமோ வரவில்லை.

ஆனால் சிவப்பு வாங்கியது வீண். கோழிக்குச் சிவப்பைக் கண்டால் கொத்தத் தோன்றும், ரத்தம் என்று நினைக்குமோ என்னவோ. பொட்டு வைத்த மறுநாளே ஒரு குஞ்சின் முதுகில் கூடப்பிறந்ததுகள் கொத்திக் கொத்தித் தோல் தெரிந்தது. மஞ்சள்தூளைக் குழைத்துப் பூசி இரண்டு நாள் தனியாக வைத்திருந்தேன். இன்னொன்று, நாட்டுக்கோழிக் குஞ்சில் பாதி கருப்பும் பழுப்புமாகத்தான் இருக்கும். அதன்மேல் பச்சை வைத்தால் வைத்த எனக்கே தெரியவில்லை. வெளிர்மஞ்சள் குஞ்சில் மட்டும் பளிச்சென்று இருந்தது. அதுவும் எத்தனை நாள்? இரண்டாவது வாரம் இறகு முளைக்க ஆரம்பித்தது, மூன்றாவது வாரம் பொட்டைத் தேட வேண்டியிருந்தது.

"கலர் பூசினா பருந்து கிட்ட வராது" என்று பெரியம்மா அடித்துச் சொன்னார். நான்காம் நாள் பருந்து தூக்கிக்கொண்டு போனதே பச்சைப் பொட்டு வைத்த குஞ்சைத்தான். அவரிடம் சொன்னேன். "ரோஸ் பூசியிருக்கோணும்" என்றார்.

ரோஸ் என்றதும் சந்தைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். தம்பி மகன் சந்தையில் ஒருவரிடம் கலர் குஞ்சு நான்கு வாங்கி வந்தான், ஒன்று 20 ரூபாய். ரோஸ், பச்சை, நீலம், ஆரஞ்சு. இரண்டு நாள் அவன் உள்ளங்கை ரோஸாகவே இருந்தது, சோப்புக்கும் போகவில்லை. இது கேசரிக் கலர் இல்லை என்று அப்போதே தெரிந்தது. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்கிற துணிச்சாயம் கலக்கிறார்கள் என்று பஞ்சு மிட்டாயைத் தமிழ்நாட்டில் தடை செய்தார்களே, அந்த ஞாபகம்தான் வந்தது. இது என்ன சாயம் என்று விற்றவருக்கே தெரியவில்லை.

நாமக்கல் பக்கம் இருக்கிற எங்களுக்கு அந்தக் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன என்பது புதிதில்லை. முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் முதல் நாளே ஆண் பெண் பிரித்துவிடுவார்கள். பெண் பண்ணைக்குப் போகும். ஆண் முட்டையும் இடாது, கறிக்கோழி மாதிரி எடையும் போடாது. அப்படிக் கழித்ததுதான் சாயம் ஏறிச் சந்தைக்கு வருகிறது. வயிற்றில் மஞ்சள்கரு மிச்சம் இருப்பதால் இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமலே குஞ்சு தாங்கும். விற்பவருக்கு அது வசதி, வீட்டுக்கு வந்தபிறகுதான் சாகும். எங்கள் நான்கில் ஆரஞ்சும் நீலமும் மூன்றாம் நாள் போய்விட்டன. மற்ற இரண்டும் இப்போது வெள்ளைச் சேவல்கள். பையன் இன்னமும் ஒன்றைப் பச்சை என்றுதான் கூப்பிடுகிறான்.

கடைசியில் கோழித்தீனிக் கடையில் பிளாஸ்டிக் கால் வளையம் வாங்கினேன். சுருள் மாதிரி இருக்கும், இழுத்துக் காலில் சுற்றிவிட்டால் போதும். 100 எண்ணம் 150 ரூபாய், மஞ்சளும் நீலமும் கலந்து. மழையிலும் மண்ணிலும் நிறம் போகவில்லை, கருப்புக் குஞ்சானாலும் தூரத்திலிருந்தே தெரிகிறது. ஒரே தொல்லை, கால் பருக்கப் பருக்க வளையத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு குஞ்சுக்கு மட்டும் மாற்ற மறந்துவிட்டேன். ஐந்தாவது வாரம் அது நொண்டியதும் பிடித்துப் பார்த்தால் வளையம் தோலில் பதிந்து கால் வீங்கியிருந்தது. நகவெட்டியால் வெட்டி எடுத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் பஞ்சாரத்தைத் தூக்கும்போதே எல்லாக் காலையும் தொட்டுப் பார்த்துவிடுகிறேன். பெரிய பண்ணைகளில் விரல்களுக்கு நடுவே இருக்கிற சவ்வில் துளை போடுவார்கள். இரண்டு காலிலும் சேர்த்து நான்கு சவ்வு, 16 விதமாக அடையாளம் வைக்கலாம், ஆயுசுக்கும் இருக்கும். எனக்குக் கை வரவில்லை.

கலர் பவுடருக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் பச்சைக்கும் முதல் பத்து நாளுக்கும்தான். வளையத்துக்கு நான்கு. சந்தைக் கலர் குஞ்சுக்கு ஒன்றும் இல்லை, பிள்ளை அழுதாலும் வாங்காதீர்கள்.

மஞ்சள் வளையம் எங்களுடையது, நீலம் பெரியம்மாவுடையது என்று பேசி வைத்திருக்கிறோம். வளையம் கழன்று விழுந்த குஞ்சு ஒன்று மட்டும் காலையில் அங்கே கம்பு தின்றுவிட்டு மதியம் இங்கே குருணைக்கு வந்துவிடுகிறது.